பஸ் இல்லாத கரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமும் அக்காவின் நலமும் எப்படி என்று எழுதவும். இடுப்பு வலி குறைந்ததா? நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பல் டாக்டருக்கு இடுப்பு எப்படி நேராக இருக்கும்? நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்ததால் தப்பித்தேன். ஆட்களை நேருக்கு நேர் பார்த்தே பிழைப்பு ஓடுகிறது.

இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் மச்சினி பக்கத்து அறையில் இருந்தால் என் குரல் தானாகவே பொய் சொல்கிறவன் குரலாகிவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று போன தடவை பேசியபோது தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். நம் மாமனார் கட்டிய பாய்மரப் படகு இரண்டு வருடமாகத் துறையை விட்டு நகரவில்லை. சின்னவள் சனிக்கிழமைதோறும் போகிறாள், கழுவுகிறாள், கயிறுகளை அவிழ்த்துத் திரும்பச் சுற்றி வைக்கிறாள், வந்துவிடுகிறாள். பாயை விரிப்பதே இல்லை. கேட்டால் ஒற்றை ஆளாக முடியாது என்கிறாள். என்னை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் நியாயம்தான். ஆடுகிற படகில் சிந்தாமல் டீ போடுவேன், அதற்கு மேல் என்னிடம் வித்தை கிடையாது.

இந்தக் கோடையில் அதை ஒரு சுற்றுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறேன். மேற்குக் கரை எப்படி? வெள்ளைப் பாறைகள் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். சாயங்கால வெயில் பட்டால் பாறை முழுக்க ரோஜா நிறம் ஏறும். அரை நாளுக்கு ஒரு சின்ன ஊர், நல்ல துறை, துறையை ஒட்டியே ஓட்டல். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

படகில் படுக்கை மூன்று. நான் ஒன்று, சின்னவள் ஒன்று.

பதில் கடைக்கே வரட்டும்.

அன்பு மாறாத,
சகலை

ஜனவரி 24

அன்புள்ள சகலைக்கு,

கடிதம் வந்தது. இடுப்பு பழையபடிதான். பெரியவள் நலம். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, குரல் அதைவிடச் சரியாக இருக்கிறது.

மூன்றாவது படுக்கை யாருக்கு என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நாம் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே மாமனாரிடம் திட்டு வாங்கியவர்கள். இவ்வளவு கூடப் புரியாவிட்டால் எப்படி?

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. மாமா காலமான மறுவருடம் பெரியவள் ஆசையாகத்தான் உங்கள் ஊருக்கு வந்தாள். துறையில் இறங்கிப் படகைப் பார்த்தாள். மாமா தன் கையால் பச்சை அடித்து, 'பச்சைக்கிளி' என்று பெயர் எழுதிய படகு, முட்டைக் கரு மாதிரி மஞ்சளாக நின்றது. வாங்கி வந்த பழக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். ரயிலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அப்பா அடிச்ச பச்சைய அழிக்க அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?" அதோடு சரி. மஞ்சள் நிறத்தில் பச்சைக்கிளியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் அந்தக் கூடையோடு துறையிலேயே இருந்திருப்பேன்.

இத்தனை நாள் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அது ஏன் மஞ்சள் ஆயிற்று?

மேற்குக் கரை அழகு, மறுக்கவில்லை. ஆனால் அரை நாளுக்கு ஓர் ஊர் என்கிறீர்கள். ஊர் என்றால் பஸ் இருக்கும். முதல் வாக்குவாதம் வரும்போது பெரியவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அதைவிட வசதியான கரை உலகத்தில் கிடையாது. வேறு பாருங்கள்.

நலம் நாடும்,
பல்லுக்காரன்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமே. சின்னவளுக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது தேவலை. உங்கள் இடுப்புக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். நோயாளிகள் வாசனைக்குப் பயந்து ஓடினால் நான் பொறுப்பில்லை.

பஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மேற்கை அடித்துவிட்டேன்.

வடக்கே போவோமா? மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்கி நிற்கும் அந்த நீண்ட நீர்க்கால்களைச் சொல்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குமாம். உச்சியிலிருந்து அருவிகள் படகுக்குப் பக்கத்திலேயே விழுமாம். குடத்தை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறாள் சின்னவள். ஆமாம், சின்னவளிடம் சொல்லிவிட்டேன், பாதி மட்டும். "சும்மா ஒரு பேச்சுக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டு காய்கிற வரை வடக்கைப் பற்றியே பேசினாள். இரண்டு வருடத்தில் அவள் கடலைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அங்கே ஊரும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. மலை ஏறத் தெரிந்தவர்கள் மட்டுமே கோபித்துக்கொண்டு போக முடியும்.

அக்காவுக்கு முழங்கால் எப்படி? மலை ஏறுவாரா?

அன்புடன்,
கண்ணாடிக்காரன்

மார்ச் 3

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் நலம். தைலம் கிடைத்தது. ஒருவர் பாதிச் சிகிச்சையில் எழுந்து போய்விட்டார்.

மஞ்சளைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. பரவாயில்லை, மறந்திருப்பீர்கள்.

இங்கே ஒரு காரியம் செய்தேன். கடல் வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து, வடக்கு நீர்க்கால்களைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெரியவள் காய்கறிப் பையை அதன் மேலேயே வைத்தாள். பிறகு பையை நகர்த்தினாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். யார் இந்த வட்டத்தைப் போட்டது என்று கேட்டாள். நான்தான், சகலை கோடையில் போகலாம் என்கிறார் என்றேன்.

இனி வருவது என் சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொள்ளவும். வடக்கில் தண்ணீர் கரையோரமே பாதாளம், நங்கூரம் தரையைத் தொடாது. மலை காற்றை மறைத்துவிடும், பாய் துவண்டு தொங்கும். மதியத்துக்கு மேல் அதே காற்று மலை இடுக்கிலிருந்து திடீரென்று கீழே பாயும், சின்னப் படகைப் படுக்கவைத்துவிடும். பச்சைக்கிளிக்கு அடி ஆழம் குறைவு. அதற்கு ஏற்றது கிழக்குத் தீவுகள்தான். தாழ்வான தீவுகள், வழுவழுப்பான பாறைகள், பைன் மரங்கள், தீவுக்குத் தீவு மணல்மேடு. பெரிய படகுகள் நுழைய முடியாத இடமெல்லாம் இது நுழையும். காற்று நாள் முழுக்க ஒரே சீராக வரும். ஜூனில் சில நாள் மூடுபனி இறங்கும். இறங்கினால் மணல்மேடுகளுக்கு நடுவே ஆழமில்லாத தண்ணீரில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. அங்கே வாரத்துக்கு ஒரு தடவைதான் பயணிகள் கப்பல். இது உண்மையிலேயே என் கருத்து.

அன்புடன்,
பல்லுக்காரன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்களுடைய "சொந்தக் கருத்தை" மூன்று தடவை படித்தேன். பச்சைக்கிளி என்று எழுதவே உங்களுக்கு ஒரு காலத்தில் சந்தேகம் வரும். இப்போது அதன் அடி ஆழம் வரை தெரிந்திருக்கிறது. கையெழுத்துதான் உங்களுடையது.

நானும் அந்தப் பக்கத்தை வெட்டி ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். சின்னவள் எடுத்துப் படித்தாள். "யார் எழுதினது?" என்றாள். பல் டாக்டர் என்றேன். "பல் டாக்டருக்கு மலைக்காத்து பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போயிற்று.

அதன் பிறகு அவளுடைய வாதம் இது. தீவுகளில் எல்லாத் தீவும் ஒன்று போலிருக்கும், வழி குழம்பும். மணல்மேடு வருடத்துக்கு வருடம் இடம் மாறும், வரைபடத்தை நம்ப முடியாது. தண்ணீர் வற்றும்போது தரைதட்டினால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்து கிடக்க வேண்டும். இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், மூடுபனி என்ற இடத்துக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை தானே சொன்னாள். "தரைதட்டாதுன்னு நினைக்கிறவங்க வந்து சுக்கானப் பிடிக்கட்டும். அப்படின்னா தீவுக்கே போலாம்." யாரைச் சொல்கிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

பந்து இப்போது உங்கள் பக்கம்.

அன்புள்ள,
கண்ணாடிக்காரன்

ஏப்ரல் 27

அன்புள்ள சகலைக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

சின்னவள் சொன்னதை அப்படியே சொன்னேன். பெரியவள் வரைபடத்தை மடித்துப் பரணில் போட்டாள். தீவு, காற்று, படகு எதையும் பேசவிடவில்லை. நானும் இனி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். போன வாரம் வேறு ஏதோ பேச்சில், படகு இரண்டு வருடமாகப் பாயே விரிக்கவில்லையாம் என்று வாய்தவறிச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். மடித்த பாய் ஈரத்தில் மக்கிப்போகுமே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் அவளுடைய பழைய மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். "பாயப் பாக்கத்தான் போறேன். ஆளப் பாக்க இல்ல" என்றாள்.

ஆகவே மே மாதக் கடைசியில் அனுப்பிவைக்கிறேன். நான் வரவில்லை. படுக்கை மூன்றுதான், தவிர எனக்கு நீச்சல் தெரியாது என்பதும் குறட்டை விடுவேன் என்பதும் குடும்பம் அறிந்த விஷயம். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரை என்று கேட்காதீர்கள், மூன்று பேரையும்தான்.

மஞ்சளைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை. மறதி என்று இனி நான் நினைக்கப் போவதில்லை. சொல்ல முடிகிறபோது சொல்லுங்கள்.

அன்புடன்,
பல்லுக்காரன்

ஜூன் 2
முதல் தீவிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூவரும் நலம். உடம்பளவில் சொல்கிறேன்.

இடம் கண்கொள்ளாத அழகு. நீங்கள் சொன்னது, அதாவது அக்கா சொன்னது, அத்தனையும் சரி. காலையில் தண்ணீர் வெள்ளித் தகடு, மதியம் கரும்பச்சை. பாறைகளின் மேல் கடல்நாய்கள் வயிற்றைக் காட்டிப் படுத்திருக்கின்றன. ஏறக்குறைய நான் கடையில் மதியம் உட்கார்ந்திருக்கும் கோலம்தான்.

ஆனால் படகில் நான் ஒரு போன் கம்பி. அக்கா சுக்கானில், சின்னவள் பாயில். நடுவில் நான். "பாயைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க" என்கிறார் அக்கா. சின்னவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னதும் தளர்த்துகிறாள். "முன்னாடி பாறை இருக்குன்னு சொல்லுங்க" என்கிறாள். நான் சொல்வதற்குள் பாறை வந்துவிடுகிறது. நேற்று ஒன்றை மயிரிழையில் தாண்டினோம். அப்போதும் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

படகு ஓட்டுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே கை, ஒரே கண். ஒருத்தி நினைப்பதை மற்றவள் செய்துமுடிக்கிறாள். வாய்தான் திறக்கவில்லை. நான் இருக்கிற வரை திறக்காது என்று தோன்றுகிறது. பஸ் இல்லாத கரையைத் தேடிப் பிடித்தோம், இடையில் உட்கார ஓர் ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். தப்புக் கணக்கு. ஒரு யோசனை இருக்கிறது.

அவசரத்தில்,
சகலை

ஜூன் 6
தபால் வசதியுள்ள தீவு, விடுதி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், விடுதியில் இருக்கிறேன். அவர்கள் இருவரும் படகில்.

முந்தாநாள் சாயங்காலம் எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. அதாவது வரவழைத்தேன். பிறந்ததிலிருந்து எனக்குப் படகில் குமட்டியதில்லை, அதனால் நடிக்க ரொம்பச் சிரமமாக இருந்தது. அக்கா என் நாடியைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து என்னை இங்கே இறக்கிவிட்டார்கள். மூன்று நாளில் தீவுகளைச் சுற்றிவிட்டு வந்து ஏற்றிக்கொள்வதாக என்னிடம்தான் சொன்னார்கள், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. படகு துறையைத் தாண்டும்போது பார்த்தேன். அக்கா ஏதோ சொன்னார். சின்னவள் திரும்பிப் பார்த்து, நான் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, பதில் சொன்னாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அது நேற்று. இன்று காலையிலிருந்து மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே வேலி தெரியவில்லை. விடுதிக்காரம்மா மூன்றாவது தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் கேட்டதை இப்போது எழுதுகிறேன். யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மாமா போன அடுத்த வசந்தத்தில் சின்னவள் படகைத் தனியாக வெளியே கொண்டுபோனாள். மூடுபனி இறங்கிவிட்டது. சரக்குக் கப்பல் ஒன்று அதற்குள்ளிருந்து வந்தது. பச்சைத் தண்ணீரில் பச்சைப் படகு, அவர்களுக்குத் தெரியவே இல்லை. அவள் கை நீட்டியிருந்தால் அதன் இரும்பைத் தொட்டிருக்கலாமாம். வீட்டுக்கு வந்து ஈரத்துணியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இனிமே என்னைக் கடல் பக்கமே விடமாட்டா" என்றாள். அதே வாரம் மஞ்சள் அடித்தாள். அப்பாவின் பச்சையைச் சுரண்டும்போது அழுதுகொண்டேதான் சுரண்டினாள். அதற்கப்புறம் பாயை விரிக்கவில்லை.

அக்கா கோபித்துக்கொண்டு போனபோதாவது சொல் என்றேன். ஏன் என்று கேட்காமலே போனவளிடம் என்ன சொல்வது என்றாள்.

நான் இறங்கியிருக்கக் கூடாது அண்ணா. நல்ல யோசனை என்று நினைத்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

சகலை

ஜூன் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்துவிட்டார்கள். நலம், நலம், மூவரும் நலம். தந்தி மாதிரி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், விவரம் கீழே.

பனி இறங்கியதும் அக்கா படகை மணல்மேடுகளுக்கு நடுவே கொண்டுபோய் நங்கூரம் போட்டிருக்கிறார். பெரிய கப்பல் வர முடியாத இடம். சின்னவள் வாணலியையும் கரண்டியையும் எடுத்துத் தட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லையாம். எதற்கு இப்படித் தட்டுகிறாய், இங்கே யார் வரப்போகிறார்கள் என்று அக்கா கேட்டிருக்கிறார். சின்னவள் இன்னும் வேகமாகத் தட்டியிருக்கிறாள்.

யாரோ வரத்தான் செய்தார்கள். மீன்பிடிக்கிறவர் ஒருவர், மோட்டார் படகு, வழி தவறி நேராக இவர்கள் மேலேயே வந்திருக்கிறார். கடைசி நொடியில் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்து நிறுத்தினார். "ஏதோ மஞ்சளா தெரிஞ்சுதும்மா, அதான் திருப்பினேன்" என்றாராம். "இல்லேன்னா மேலயே ஏத்தியிருப்பேன்."

அவர் போன பிறகு அக்கா படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சின்னவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதற்கு அக்கா திட்டிய திட்டு தீவெல்லாம் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள் சின்னவள். தனியாகப் போனதற்குத் திட்டு, சொல்லாததற்குத் திட்டு, இரண்டு கோட் அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட் அடித்ததற்கும் திட்டு. இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது சின்னவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கிவந்த குழந்தை மாதிரி இருந்தது.

துறையில் இறங்கியதும் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "குமட்டல் எப்படி இருக்கு?" கேட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். தேவலை என்றேன்.

நிம்மதியுடன்,
கண்ணாடிக்காரன்

ஜூன் 24

அன்புள்ள சகலைக்கு,

நலம். பெரியவள் ஊர் வந்துசேர்ந்தாள். முகம் முழுக்க வெயில், மூக்கு உரிந்திருக்கிறது, பத்து வயது குறைந்திருக்கிறது. விடுதியிலிருந்து நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் எனக்கு ஒரே நாளில் வந்தன. நல்லவேளை பின்னதை முதலில் பிரித்தேன்.

மூடுபனியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த மறுநாள் தலை வாரிக்கொண்டே, "அன்னைக்கு ஒரு வார்த்த ஏன்னு கேட்டிருக்கலாம்ல நான்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் செய்தித்தாளின் அதே பக்கத்தை இன்னும் கொஞ்ச நேரம் படித்தேன்.

இப்போது அடுத்த வருடப் பேச்சு ஓடுகிறது. பெரியவள் வடக்கு என்கிறாள். அருவிக்குப் பக்கத்தில் படகை நிறுத்திக் குடம் பிடிக்க வேண்டுமாம். நங்கூரம் எட்டாதே என்றேன். கரையில் மரத்தில் கட்டிக்கொள்ளலாம், இதுகூடத் தெரியாதா என்கிறாள். மலைக்காற்று என்றேன். சின்னவள் பாயைப் பார்த்துக்கொள்வாள் என்கிறாள்.

உடல்நலம் பேணுங்கள்.

அன்புடன்,
பல்லுக்காரன்

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். இடுப்பு எப்படி? தைலம் தீர்ந்தால் எழுதுங்கள்.

இங்கே சின்னவள் தீவுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மணல்மேடு இடம் மாறுமே என்றால், மாறினால் அக்காவுக்குத் தெரியும் என்கிறாள். இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் போனில் இதே சண்டை. கடையிலிருந்து வந்து நான் கதவைத் திறந்தால் ஹாலில் சிரிப்புச் சத்தம். அங்கே உங்கள் வீட்டிலும் அதே நேரம் அதே சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பாயை விரித்து வெளியே போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. சிந்தாமல் டீ போட்டேன்.

எந்தக் கரையானாலும் அடுத்த வருடம் அவர்கள் இருவர் மட்டும்தானாம். மூன்றாவது படுக்கையில் பாய் சுருட்டி வைக்கும் பை இருக்குமாம். அந்த வாரங்களில் நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். எங்கேயும் போக வேண்டாம். துறைக்கு எதிரே ஒரு பெஞ்சு இருக்கிறது, நீச்சல் தெரியாதவர்களும் உட்காரலாம்.

நேற்று இதை எழுத உட்கார்ந்தபோது சின்னவள் எட்டிப் பார்த்தாள். "நாங்கதான் தினமும் பேசிக்கிறோமே. உங்க ரெண்டு பேருக்கும் இனிமே எதுக்கு லெட்டர்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லும்படியாகக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். இதைக் கடையிலிருந்துதான் எழுதுகிறேன். இடுப்பைப் பற்றி விவரமாக எழுதவும்.

என்றும் உங்கள்,
சகலை